இருட்டைக் கடன் கொடுத்த ஊருக்கு

மாசி அமாவாசையை ஒட்டி செட்டிநாட்டில் நடந்த, இரவு வானத்தைப் படமெடுக்கும் விண்படக் கூடலுக்குக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

ஊரின் பெயரை இதில் எழுதவில்லை. பெயர் பரவினால் அடுத்த அமாவாசைக்கு ஹெட்லைட் போட்டுக்கொண்டு வரிசையாகக் கார்கள் வந்து நிற்கும் என்று பஞ்சாயத்துத் தலைவர் சொன்னார். நியாயமான பயம். யாரைச் சொல்கிறோம் என்பது உரியவர்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி விளக்கை அணைத்தவர்களுக்குத்தான். நாங்கள் கொண்டுவந்தவை குளிரூட்டிய கேமராக்கள். ஒளியைப் பதியும் சென்சாருக்குப் பின்னால் உள்ள பெல்டியர் தகடு, அதாவது மின்சாரத்தால் குளிரும் தகடு, வெளிக்காற்றைவிட 30 முதல் 35 டிகிரி வரை அதைக் குளிரவைக்கும். ஆறேழு டிகிரி இறங்கினால் சென்சாரில் வெப்பத்தால் தானாகச் சேரும் பொய்யான சமிக்ஞை ஏறக்குறையப் பாதியாகிவிடும். சோனியின் ஐஎம்எக்ஸ் 571 போன்ற இன்றைய சென்சாரில், 0 டிகிரியில் ஐந்து நிமிடம் திறந்துவைத்தாலும் ஒரு பிக்சலில் வெப்பத்தால் சேர்வது ஓர் எலக்ட்ரானுக்கும் குறைவு. தெருவிளக்கு ஏற்றிவிடும் வான வெளிச்சம் அதைப்போல் பல மடங்கு. அதை எந்தக் குளிரூட்டியும் தொடாது. பழைய சோடியம் விளக்காக இருந்தால் அதன் ஒளியில் பெரும்பகுதி 589 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் பட்டையில் நிற்கும், ஃபில்டர் போட்டுப் பெருமளவு வெட்டிவிடலாம். வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் பரவிக் கிடப்பதால் வெட்டினால் விண்மீனும் சேர்ந்து போகும். எனவே இரவு 10 மணிக்கு ஊருணிக் கரைத் தெருவின் சுவிட்ச் பெட்டியை நிறுத்தி, 5 மணிக்கு மறுபடி போட்ட பஞ்சாயத்து ஊழியர் செய்தது, கேமராவை இன்னும் பத்து டிகிரி குளிரவைப்பதைவிடப் பெரிய வேலை.

கோயிலாருக்குத் தனி நன்றி. சிவராத்திரி இரவில் கோபுர விளக்கை அணைக்கச் சொல்வது முறையல்ல. நாங்கள் கேட்கவும் இல்லை. அந்த ஓர் இரவை மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கி, வானத்தோடு திருப்பும் கருவி) சமன் செய்யவும் ஃபோகஸ் பார்க்கவும் வைத்துக்கொண்டோம். அடுத்த மூன்று இரவும் அர்த்தசாம பூசை முடிந்த கையோடு ஃபோகஸ் லைட்டை நிறுத்திவைத்த குருக்கள் ஐயாவுக்கும் காரியக்காரர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அடுத்து, கரிமூட்டம் போடும் ஐயா. இவருடைய உதவி எவ்வளவு பெரியது என்று அவருக்கே தெரிந்திருக்காது, ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறோம். காரைக்குடி வட்டாரம் வடக்கு அட்சரேகை 10 டிகிரியில் இருக்கிறது. நாங்கள் இவ்வளவு தெற்கே வந்ததற்குக் காரணமே அதுதான். லடாக்கின் ஹான்லேயில் இருட்டு இதைவிட நன்றாக இருக்கும், காற்றும் சுத்தம். ஆனால் அங்கிருந்து கரீனா நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகம் தொடுவானத்துக்கு மேலேயே வராது. ஒமேகா செண்டாரி விண்மீன் கொத்து எட்டிப்பார்ப்பது 10 டிகிரிதான். இங்கே ஒமேகா செண்டாரி 32 டிகிரிக்கு மேல் ஏறுகிறது, கரீனா 20 டிகிரி வரை வருகிறது. அந்த 20 டிகிரியில் ஒளி கடக்க வேண்டிய காற்றின் கனம் தலைக்கு நேர்மேலே இருப்பதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. அதற்குள் சீமைக்கருவேல மூட்டத்தின் புகையும் தெற்கில் படிந்தால் விண்மீன் மங்கும், இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் புகை சிதறடித்து வானத்தை வெளுக்கவைக்கும். ஐயாவின் மூட்டம் எங்களுக்கு நேர்தெற்கே அடுக்கித் தயாராக இருந்தது. மண் பூசியும் நெருப்பு வைக்காமல் நான்கு நாள் தள்ளிப்போட்டார். கரீனா படம் முழுக்க முழுக்க அவர் கணக்கில்தான்.

இடம் காட்டியது பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். வந்தவர்களில் பாதிப்பேருக்கு மொட்டை மாடி மேல்தான் கண். பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தத் தளம் நள்ளிரவு வரை கக்கிக்கொண்டிருக்கும். தொலைநோக்கிக்கு முன்னால் அலையும் அந்த வெப்பக் காற்றில் விண்மீன்கள் ஊதிப்போகும், ஒருவர் நடந்தால் எல்லா மவுண்டும் ஆடும். ஊருணிக்கு அப்பால் உள்ள செம்பூரான்கல் பொட்டலைக் காட்டி, “இங்க கால் இறங்காது” என்றார். மூன்று இரவும் ட்ரைபாட் கால் இறங்கவில்லை.

பத்து டிகிரி அட்சரேகையில் மவுண்ட் நிறுத்துவது பற்றி அடுத்த முறை வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. வான் துருவத்தை நோக்கி நிறுத்தும் மவுண்டின் சுழல் அச்சு, அதாவது துருவ அச்சு, கிட்டத்தட்டப் படுத்தே இருப்பதால் தொலைநோக்கியைச் சமன்படுத்தும் எதிர்எடைத் தண்டு ஏறக்குறைய நேர்கீழே தொங்கி, சற்றே வடக்குப் பக்கம் நீளும். பாரமும் வடக்கே சாய்வதால் நிலைக்கு ஒரு கால் வடக்கே இருக்க வேண்டும். அந்தக் காலிலேயே எடையும் போய் முட்டும். இருபது சென்டிமீட்டர் அளவில் ஒரு நீட்டிப்புத் தூண் வைத்தால் இரண்டு பிரச்சினையும் தீரும். சில மவுண்டுகளில் சாய்வுத் திருகு 10 டிகிரி வரை இறங்காது, வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். துருவ நட்சத்திரமோ பனைமரத் தலைக்குள் மறைந்திருக்கும். அந்த நட்சத்திரத்தைப் பார்த்து அச்சைச் சரிசெய்ய உதவும் துருவநோக்கியை நம்பி உட்கார வேண்டாம். அச்சைத் திருப்பித் திருப்பி மூன்று படம் எடுத்து, விண்மீன் இடங்களை வைத்துப் பிழையைக் கணிக்கும் முறைக்கு வடக்கு வானமே தேவையில்லை.

மின்சாரம் மைக்செட் அண்ணன் உபயம். ஜெனரேட்டரைப் பகலில் மட்டும் ஓட்டி, இரவுக்கு 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரிகள் நான்கு கொடுத்தார். ஒரு தொலைநோக்கி அமைப்புக்கு, கேமரா முழுக் குளிரில் 3 ஆம்பியர் வரை, மவுண்ட், மினி கணினி, பனி நீக்கும் ஹீட்டர் பட்டைகள் எல்லாம் சேர்த்து சராசரி ஐந்தரை ஆம்பியர். ஒன்பது மணி நேரத்துக்கு 50 ஆம்பியர்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது என்பதால் ஒன்றுக்கு ஓர் அமைப்பு. அதைவிட முக்கியம், எங்கள் 1 சதுர மில்லிமீட்டர் வயரைப் பார்த்ததும் அவர் சிரித்தது. பத்து மீட்டர் தூரம், போக வர இருபது மீட்டர் செம்பு. ஐந்தரை ஆம்பியருக்கு 1.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். கேமராவுக்குச் சேர்வது பத்தரை வோல்ட். குளிரூட்டி ஏறும் நேரம் பார்த்து கேமரா இணைப்பு அறுந்து விழும், ஆட்கள் யூஎஸ்பி கேபிளைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அவர் இழுத்துக் கொடுத்த 4 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு.

குளிர் எவ்வளவு வைப்பது என்பதில் பேராசை வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கு வெளியே 26 டிகிரி என்றால் மைனஸ் 10 கேட்பது குளிரூட்டியை முழுமூச்சில் ஓடவிட்டுத் தோற்பது. 80 சதவீதத் திறனுக்குள் நிற்கும்படி மைனஸ் 5 அல்லது 0 வைத்தால் இரவு முழுவதும் ஒரே அளவில் நிற்கும். ஒரே வெப்பநிலையில் நிற்பதுதான் இந்தக் கேமராவின் பெருமை. அப்போதுதான் அதே வெப்பநிலையில், அதே நேர அளவில், வெப்பத்தால் சேர்ந்ததைக் கழிக்க மூடி போட்டு எடுக்கும் டார்க் படங்கள் பொருந்தும். அவற்றைப் பகலில் எடுக்க வெயிலில் வழியில்லை: வெளியே 33 டிகிரி, மைனஸ் 5 எட்டாது. உள்வீட்டு அறையின் சாவியைக் கொடுத்தீர்களே பெரிய வீட்டு அண்ணே, கனத்த சுவரும் சின்னக் கதவுமாக இருந்த அந்த அறை நண்பகலிலும் 27, 28-ஐத் தாண்டவில்லை. இருட்டும் குளிர்ச்சியும் ஒரே இடத்தில் கிடைத்தன. ஒவ்வொரு நேர அளவுக்கும் முப்பது டார்க் வீதம் அங்கேதான் எடுத்தோம்.

ஆச்சிக்குச் சொல்ல வேண்டியது இரண்டு. முதலாவது சட்டி. கேமராவுக்குள் சென்சார் இருக்கும் கூட்டுக்குள் ஈரம் புகுந்தால் சென்சார் கண்ணாடியில் உறைபனி பூக்கும். படத்தின் நடுவே கரைகள் முள்முள்ளாகக் கறை தெரியும், படத்துக்குப் படம் உருவம் மாறும், எந்தத் திருத்தத்திலும் போகாது. குளிரை நிறுத்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை மாற்றி, பதினைந்து இருபது நிமிடம் எடுத்து மெல்ல மறுபடி குளிரவைக்க வேண்டும். நீலம் மாறி இளஞ்சிவப்பான ஜெல்லை உலர்த்த, ஆச்சி இரும்புச் சட்டியில் ஆற்றுமணல் போட்டு, மேலே எவர்சில்வர் கிண்ணம் வைத்து, தெளித்த நீர் உடனே சுண்டும் பதத்தில் தீயை அடக்கி இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டார். நீலம் திரும்பியதும் சூட்டோடு காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தாயிற்று. ஆச்சி, நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது நஞ்சு. அந்தச் சட்டியில் இனி தாளிக்க வேண்டாம். புதுச்சட்டி வந்து சேரும்.

இரண்டாவது வேட்டி. லென்ஸ் ஓரம் இருளுவதையும் தூசி வட்டங்களையும் நீக்க, சீரான வெளிச்சத்தைப் பார்த்து எடுக்கும் ஃபிளாட் படம் வேண்டும். தொலைநோக்கி வாயில் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து இழுத்துக் கட்டி, விடிவெள்ளை வானத்தைப் பார்க்கவைத்து, வெளிச்ச அளவு சென்சார் தாங்கும் அளவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நிற்கும்படி முப்பது படம். ஃபோகஸையும் கேமரா கோணத்தையும் அதுவரை தொடக்கூடாது. நாங்கள் கொண்டுவந்த வேட்டியில் கஞ்சி ஏறியிருந்ததால் மடிப்புக் கோடுகள் ஃபிளாட்டில் விழுந்தன. ஆச்சி எடுத்துக்கொடுத்த, பலமுறை துவைத்து நைந்த இரண்டு வேட்டிகளில் கோடே இல்லை. சுக்குமல்லிக் காப்பிக்கும் பணியாரத்துக்கும் நன்றி சொன்னால் ஆச்சி கோபிப்பார் என்பதால் சொல்லவில்லை.

டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டு வந்த பிள்ளைகளே, உங்களால் எங்கள் கண்ணின் இருட்டுப் பழக்கம் கலையவில்லை. அது கலைந்தால் மறுபடி வர இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒன்று மட்டும்: சிவப்பு, கண்ணுக்குத்தான் நல்லது. நெபுலாக்களின் ஹைட்ரஜன் ஒளியே 656 நானோமீட்டர் சிவப்பு என்பதால் கேமரா அந்த நிறத்தை நன்றாகவே பார்க்கும். அடுத்த முறை டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடியுங்கள்.

கரீனாவை எடுத்த பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முடிக்க இன்னும் சில வாரம் ஆகும். 26 மெகாபிக்சலை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் ஏறக்குறைய இருபத்தொன்றுக்குப் பதினான்கு அங்குலம் வரும். பெரிய வீட்டின் முகப்புக்கு ஒன்று, மூட்டக்கார ஐயாவுக்கு ஒன்று. ஆச்சியின் வேட்டிகள் இரண்டும் எங்களிடமே இருக்கின்றன. துவைத்து, கஞ்சி போடாமல், சட்டியோடு சேர்த்து அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
பொட்டலில் தொலைநோக்கி நிறுத்தியவர்கள்