சந்திரனுக்கும் இரண்டு தரப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஆன்மிகப் பக்கத்தில் பழைய சூத்திரங்களின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கமா, வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கான திருக்கணிதமா என்ற கேள்விக்கு, "அவரவர் முறைப்படி இரண்டுமே சரி, தீர்த்துச் சொல்லப் பொது அளவுகோல் கிடையாது" என்று முடித்திருக்கிறீர்கள். ரொம்ப நல்லது, யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஒரு கணக்கில் 2025 மார்ச்சிலும் மற்றதில் 2026 மார்ச்சிலும் சனிப்பெயர்ச்சி வந்தபோது, இரண்டுக்கும் தனித்தனியாகப் பலன் இணைப்புப் போட்டு விற்றவர்கள் வேறென்ன சொல்வீர்கள்!

ராசிச் சக்கரத்தை எங்கே தொடங்குவது என்பது நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடு, சரி. திதி அப்படியா? சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி, சக்கரத்தை எங்கே தொடங்கினாலும் அந்த இடைவெளி மாறாது. ஆனாலும் இரண்டு பஞ்சாங்கத்திலும் திதி முடியும் நேரம் சில நாள் மணிக்கணக்கில் தள்ளிப் போகிறது. அப்பாவின் திதியை மாம்பலத்தில் அண்ணா ஒரு நாளும் பெரம்பூரில் நான் மறுநாளும் கொடுத்திருக்கிறோம். எதைப் பின்பற்றுவது என்பது குடும்ப வழக்கம், அதைப் பேசப்போய்த்தான் அண்ணாவோடு பேச்சே நின்றது. அன்றைக்குச் சந்திரன் எங்கே இருந்தது என்பதுமா குடும்ப வழக்கம்?

அளவுகோல் இல்லையாம். 2025 செப்டம்பர் 7 ராத்திரி முழுச் சந்திர கிரகணம் வந்ததே. பௌர்ணமி முடிவதும் கிரகணத்தின் நடுவேளையும் ஏறத்தாழ ஒன்றுதான், மேகம் இல்லாவிட்டால் மொட்டை மாடியில் நின்றே எந்தக் கணக்கு ஒட்டுகிறது என்று பார்த்திருக்கலாம். கேரளத்து வானியல் அறிஞர் பரமேசுவரர் 50 வருஷத்துக்கு மேல் இப்படிக் கிரகணம் பார்த்துத்தான், பழைய கணக்கைத் திருத்தி 1431-இல் திருக்கணித நூல் எழுதினார். அவரும் மரபுக்குள் இருந்தவர்தானே? நம் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் 19-ஆம் நூற்றாண்டிலேயே திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். இவரைப் பற்றி முன்பே உங்களுக்கு எழுதினேன், அதையெல்லாம் வெட்டிவிட்டு "கட்டுரை அருமை" என்ற ஒரு வரியை மட்டும் என் பெயரில் போட்டீர்கள்.

கொரோனா சமயத்தில் தடுப்பூசிக்கும் இதே "இரு தரப்பு நியாயம்"தான். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு கடைசிவரை ஊசி போட மறுத்த பெரியம்மாவிடம் பேசி ஓய்ந்தது நாங்கள், நீங்கள் இல்லை.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்: வாராவாரம் போடும் நாள்காட்டிக் கட்டத்தில் ராசிபலன் ஒரு கணக்கிலும் திதி இன்னொரு கணக்கிலும் வருகிறது. எது எந்தப் பஞ்சாங்கம் என்று கீழே சின்ன எழுத்திலாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
பெரம்பூர், சென்னை.