காதல் நாவல்களுக்கும் விமர்சனம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நூல் விமர்சனப் பகுதியைத் தவறாமல் வாசித்துவரும் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. கவிதைக்கும் ஆய்வுக்கும் மொழிபெயர்ப்புக்கும் இடம் தரும் அப்பகுதியில், தமிழ்ப் பெண்கள் விரும்பி வாசிக்கும் காதல் நாவல்கள் தலைகாட்டுவதே இல்லை.

இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியாகிப் பின்னர் அச்சேறும் இக்கதைகளில் சில, காதலையும் நாயகியின் தன்வளர்ச்சியையும் அழகாகப் பின்னிச் செல்கின்றன. அண்மையில் நான் வாசித்த தொடரொன்றில், மணமுறிவுக்குப் பின் தாய்வீடு திரும்பும் நாயகி, தன்னை விரும்புகிறவனுக்கு உடனே பதில் சொல்வதில்லை. பாதியில் விட்ட பி.காம். அரியர் தாள்களை எழுதி முடித்து, ஒரு வேலையில் அமர்ந்து, கைச்செலவுக்கு அண்ணனிடம் நிற்கும் நிலை மாறிய பிறகே அவனிடம் மனம் திறக்கிறாள். இடையில் தேர்வுக் கட்டணத்தைத் தான் கட்டுவதாக அவன் சொல்ல, அவள் மறுக்கிறாள். அந்த மறுப்பை அவன் அவமதிப்பாகக் கொள்ளாமல் இயல்பாக ஏற்றுக்கொண்ட இடமே அக்கதையின் மிகச் சிறந்த காதல் காட்சி என்பேன்.

'குடும்ப நாவல்தானே' என்று ஒதுக்குவோருக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். மருத்துவக் கல்லூரியில் தம் படிப்புச் செலவுக்காக ஆனந்த விகடனில் கதை எழுதி, குடும்ப நாவல்களால் புகழ்பெற்ற எழுத்தாளர் டாக்டர் லக்ஷ்மி, பிற்காலத்தில் 1984-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார்.

மறுபுறம், நாயகியை மிரட்டித் தாலி கட்டுபவனையும் கைநீட்டி அடிப்பவனையும் 'ஆன்டி ஹீரோ' என்று கொண்டாடி, இறுதி அத்தியாயத்தில் அவன் கண்ணீர் விட்டதும் அத்தனையையும் மன்னித்துவிடும் கதைகளும் அதே தளங்களில் வந்துகொண்டிருக்கின்றன. கல்லூரி மாணவி ஒருத்தி இவ்விரு வகையையும் ஒரே கைப்பேசியில்தான் வாசிக்கிறாள். 'அடுத்த எபி (அத்தியாயம்) எப்போது?' என்று கேட்கும் பின்னூட்டங்களால் இவற்றைத் தரம் பிரித்துக் காட்ட இயலாது. அது விமர்சகரின் வேலை.

எனவே, மாதம் ஒருமுறையேனும் ஒரு காதல் நாவலைத் தங்கள் விமர்சனப் பகுதியில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். கதைச் சுருக்கத்தோடு நின்றுவிடாமல், நாயகி எதைக் கற்றாள், எதை விட்டுக்கொடுத்தாள், அவள் வாழ்வின் முடிவுகளை யார் எடுத்தார்கள் என்றெல்லாம் கேட்கும் விமர்சனமாக அது அமைய வேண்டும். இக்கதைகளைத் தொடர்ந்து வாசித்துவரும் பெண்களையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வாசகி, கும்பகோணம்