செப்டம்பர் 30க்குள் 1,16,800 ரூபாய்: பேசும் போன் பயிற்சிக்கூடத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். பார்வையற்றோருக்கான ஸ்மார்ட்போன் பயிற்சிக்கூடத்துக்காகப் பேசி வைத்திருக்கும் இடத்துக்கு செப்டம்பர் 30க்குள் முன்பணம் கட்டவேண்டும். இல்லையென்றால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, இரண்டு மாதமாகப் பொறுத்திருக்கிறார். அக்டோபர் 15, வெள்ளைக்கோல் தினத்தன்று முதல் வகுப்பு என்று 14 பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

பாளையங்கோட்டைக்கு இந்தப் பணி புதிதில்லை. நாட்டின் முதல் பார்வையற்றோர் பள்ளி 1887இல் அமிர்தசரஸில் தொடங்கியது. மூன்றே ஆண்டில், 1890இல், மிஷனரி ஆஸ்க்வித் அம்மையார் நம் ஊரில் ஒன்றைத் தொடங்கிவிட்டார். விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தில், இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951இல்தான் வந்தது. அதற்கு அறுபது ஆண்டு முன்பே இங்கே பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. வலமிருந்து இடமாகக் குத்தூசியால் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகத் தடவிப் படித்து, ஆசிரியராகவும் வங்கி ஊழியராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் அந்தக் காலத்தைப் பேச ஆரம்பித்தால் கூட்டம் முடிய ராத்திரி ஆகிவிடும். இங்கே சுருக்கிக்கொண்டோம், பெரியவர்கள் மன்னிக்கவேண்டும்.

வசூலுக்குப் போகும் இடமெல்லாம் ஒரே கேள்வி: “போன்தான் தானாகவே பேசுதே, அப்புறம் பயிற்சி எதுக்கு?” நியாயமான கேள்விதான்.

கூகுள் அசிஸ்டென்ட் போன்ற குரல் உதவியாளர்கள் தமிழிலும் பேசத் தொடங்கியபின் எங்கள் ஆட்களுக்குக் கிடைத்தது கொஞ்சமில்லை. மணி கேட்கலாம், அலாரம் வைக்கலாம், மகளுக்கு போன் போடச் சொல்லலாம், தட்டச்சு தெரியாமலே செய்தி அனுப்பலாம். பார்வை போய் ஆறு மாதமே ஆன ஒருவருக்கு, யாரையும் கூப்பிடாமல் தானே ஒரு போன் பேச முடிவது பெரிய தெம்பு. இதை நாங்கள் குறைத்துச் சொல்லமாட்டோம்.

ஆனால் உதவியாளர் வாசல்வரைதான் வருவார். வங்கிச் செயலியைத் திறக்கச் சொன்னால் திறப்பார். உள்ளே எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடி அழுத்துவது நம் விரல்தான். அதற்கு டாக்பேக் என்ற திரைவாசிப்பான் வேண்டும். 2009இலிருந்தே ஆண்ட்ராய்டில் இருக்கிறது, காசு கிடையாது. விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததைப் படிக்கும், இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். கேட்கச் சுலபம். கை பழக வாரக்கணக்கில் ஆகும், பக்கத்தில் ஒருவர் இருந்து சொல்லித்தரவேண்டும். பல செயலிகளில் பொத்தானுக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள், வெறும் “பட்டன், பட்டன்” என்று வாசிக்கும். படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து எழுதச் சொல்லும் பக்கம் வந்துவிட்டால் அங்கேயே நிற்கவேண்டியதுதான்.

பெயர்க் குழப்பம் தனி. உதவியாளரிடம் முப்பிடாதி அத்தையைக் கூப்பிடச் சொன்னால் யார் யாருக்கோ போகும். பேருந்து இரைச்சலில் நாம் சொல்வது அதற்குக் கேட்காது; நெட் இல்லையென்றால் பாதி வேலை நடக்காது. இதைவிட மோசம், வங்கியிலிருந்து வரும் ஓடிபியைப் பக்கத்து சீட்டுக்காரருக்கும் கேட்கிறபடி போன் வாசித்துவிடும். செலவுப் பட்டியலில் ஹெட்போன் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். வயர் வைத்தது வாங்குகிறோம். புளூடூத் என்றால் விரல் ஓரிடத்தில் இருக்க, குரல் கொஞ்சம் பிந்தி வரும்.

ரூபாய் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும் ‘மணி’ (MANI) என்ற செயலியை ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்டது, நெட் இல்லாமலே வேலை செய்யும். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எல்லாம் சரி, சொல்லித்தர ஆள் வேண்டாமா?

செலவு இதுதான். இடத்துக்கு முன்பணம் 60,000. போன் 14, ஒன்று 9,500 வீதம் 1,33,000. ஹெட்போன் 14, ஒன்று 450 வீதம் 6,300. பயிற்றுநர் இருவருக்கு மாதம் தலைக்கு 8,000 வீதம் ஆறு மாதத்துக்கு 96,000, இருவருமே பார்வையற்றவர்கள். மின்சாரமும் நெட்டும் ஆறு மாதத்துக்கு 9,000. ஆக மொத்தம் 3,04,300 ரூபாய். வந்தது 1,87,500.

அந்தத் தொகையைத் தந்தவர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது! ஓய்வூதிய நிலுவை கைக்கு வந்த அன்றே 25,000 கொண்டுவந்து, பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்ன ஆசிரியை அம்மா; மாதச் சீட்டு எடுத்த பணத்தில் பங்கு கொடுத்த டீக்கடை அண்ணாச்சி; சிங்கப்பூரில் வேலை பார்த்தபடி மாதம் தவறாமல் அனுப்பும் தம்பிகள்; தசமபாகத்திலிருந்து தந்த சபைக் குடும்பங்கள்; ரமலானில் எங்களை நினைத்துக்கொண்ட மேலப்பாளையம் பாய்மார்கள்; புரட்டாசிச் சனிக்கிழமை அன்னதானத்தை ஒரு வாரம் குறைத்து அந்தப் பணத்தை இங்கே தர முன்வந்த பஜனைக் குழுவினர். பிறந்தநாள் கேக் வேண்டாம் என்று 500 ரூபாய் தந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையும் இதில் உண்டு. உங்கள் குடும்பங்கள் நோய்நொடி இல்லாமல் நல்லா இருக்கவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. ஆனித் தேரோட்ட வாரத்தில் நடந்த கூட்டத்தில் எழுந்து தொகை சொன்னவர்களில் சிலரிடமிருந்து 41,000 ரூபாய் இன்னும் வரவில்லை. கைத்தட்டல் அன்றைக்கே கிடைத்துவிட்டது. பெயரை எழுதி ஒட்டும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனால் அன்று மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் பார்வையற்றவர்கள். அவர்கள் ஒரு முறை கேட்ட குரலை மறப்பதில்லை. கண்தானப் படிவத்தில் கையெழுத்திட்டவர்கள் நம் ஊரில் நிறைய. அது காலத்துக்குப் பிறகு. இது இருக்கும்போதே கொடுக்கிறது.

9,500 தந்தால் ஒருவருக்கு போன். முடியாவிட்டால் 450 தாருங்கள், அதுவும் முடியாவிட்டால் 50. எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. செப்டம்பர் கடைசி ஞாயிறு மாலை வரவுசெலவைக் கூட்டத்தில் உரக்க வாசிப்போம், யாரும் வந்து கேட்கலாம்.

இப்படிக்கு,
பயிற்சிக்கூடக் குழுவினர்,
பாளையங்கோட்டை.

பி.கு.: பழைய ஆண்ட்ராய்டு போன் தருகிறவர்கள் மைக், ஸ்பீக்கர், ஹெட்போன் துளை மூன்றும் வேலை செய்கிறதா என்று பார்த்துத் தரவும். திரையில் கீறல் இருந்தால் பரவாயில்லை, விரல் பட்டால் வேலை செய்தால் போதும். உங்கள் வங்கிச் செயலிகளையும் படங்களையும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.