ஹாசல்பெக் மீது விழுந்த கொடி: என்.எஃப்.எல். போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) தலைமை அலுவலகத்துக்கும் அதன் போட்டிக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2006 பிப்ரவரி 5, டெட்ராய்ட் ஃபோர்டு ஃபீல்டு அரங்கம், லீக்கின் இறுதிப் போட்டியான நாற்பதாவது சூப்பர் பவுல். நான்காம் குவாட்டரில், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில், பதினோரு நிமிடம்கூட மிச்சமில்லை. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 14, சியாட்டில் சீஹாக்ஸ் 10. அந்த நேரத்தில் சியாட்டிலின் மாட் ஹாசல்பெக் மீது விழுந்த ஒரு மஞ்சள் கொடியைப் (விதிமீறலைக் காட்ட நடுவர் வீசுவது) பற்றித்தான் எழுதுகிறேன். இத்தனை வருடம் கழித்து இது எதற்கு என்று கேட்பீர்கள். அன்றைய ஆட்டக் குறிப்பில் அந்தத் தண்டனை அவர் பெயரில் இன்னும் அப்படியே கிடக்கிறது. அதற்காகத்தான்.

இதைப் படிக்கிற தமிழ் வாசகர்களில் பலருக்கு அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாமல் இருக்கலாம். அதனால் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஹாசல்பெக் சியாட்டிலின் குவாட்டர்பேக். பந்தை எறிவதுதான் அவர் வேலை. ஆளை விரட்டிப் பிடிப்பது அவருக்குப் பழக்கமான காரியமே இல்லை. அன்று அவர் எறிந்த நீளமான பந்தை ஸ்டீலர்ஸின் ஐக் டெய்லர் தன் அணியின் 5 யார்டு கோட்டருகே பறித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்தார். எறிந்தவரே இப்போது விரட்டிப் பிடிக்க வேண்டிய நிலை. எதிரே வெள்ளை உடையில் ஸ்டீலர்ஸ்காரர்கள். நீல உடையில் ஹாசல்பெக் தாழக் குனிந்து, கபடியில் பாடிவருபவரின் காலைப் பிடிக்கப் பாய்கிற மாதிரி பாய்ந்தார். டெய்லர் 29 யார்டு கோட்டில் விழுந்தார். வீழ்த்தியவர் ஹாசல்பெக்.

அப்புறம்தான் கொடி. இடுப்புக்குக் கீழே மோதித் தடுத்தார், 15 யார்டு தண்டனை என்றார்கள்.

இந்த விதி நல்ல விதி. அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. பந்து ஒரு அணியிடமிருந்து இன்னொரு அணிக்குக் கைமாறிய நொடியில் மைதானத்தில் எல்லோரும் ஆளுக்கொரு திசையில் ஓடுகிறார்கள். அப்போது பக்கத்திலிருந்து முழங்காலில் ஒருவர் வந்து மோதினால் ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கையே முடிந்துபோகலாம். அதைத் தடுக்கத்தான் இந்த விதி. ஆனால் பந்தோடு ஓடுபவரை வீழ்த்த அவர் காலை நோக்கிப் பாய்வது டாக்கிள். அதை எந்த விதியும் தடை செய்யவில்லை. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தடுப்பது என்றால் பெரும்பாலும் தன் ஆள் ஓடுவதற்கு வழி உண்டாக்கிக் கொடுப்பது. அந்த நொடியில் சியாட்டிலிடம் பந்தே இல்லை. ஹாசல்பெக் யாருக்கு வழி உண்டாக்கப் போகிறார்?

அந்த ஒளிப்பதிவை நிறுத்தி நிறுத்தி எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அவர் கண்ணும் தோளும் டெய்லரை நோக்கியே போகின்றன. ஒவ்வொரு முறையும் அது டாக்கிளாகத்தான் தெரிகிறது.

அந்தத் தண்டனையால் பந்து 29-லிருந்து 44-க்கு நகர்ந்தது, ஸ்டீலர்ஸுக்கு 15 யார்டு லாபம். கொஞ்ச நேரத்தில் ஸ்டீலர்ஸின் அன்ட்வான் ரான்டில் எல் 43 யார்டு எறிந்து, ஹைன்ஸ் வார்டு அதைப் பிடித்து எல்லைக்குள் கொண்டுபோய் டச்டவுன் போட்டார். 21-10. ஆட்டம் அப்படியே முடிந்தது.

அந்தக் கொடி இல்லாவிட்டால் சியாட்டில் ஜெயித்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. சியாட்டில் இரண்டு நீண்ட ஃபீல்டு கோல்களைத் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது) தவறவிட்டது. கையில் விழுந்த பந்துகளை நழுவவிட்டது. ஸ்டீலர்ஸின் வில்லி பார்க்கர் 75 யார்டு ஓடியதை எந்த நடுவரும் ஓடிக்கொடுக்கவில்லை. பிட்ஸ்பர்க்காரர்களின் கோப்பையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

நான் கேட்பது வேறு. ஆட்டம் முடிந்த இரண்டாம் நாள், ஆட்டம் சரியாகவே நடத்தப்பட்டது என்று உங்கள் தரப்பிலிருந்து அறிக்கை வந்தது. ஆனால் அன்று தலைமை நடுவராக நின்ற பில் லீவி 2010 ஆகஸ்டில் சீஹாக்ஸ் பயிற்சி முகாமுக்கே வந்து, செய்தியாளர்கள் முன்னால் பேசினார். நான்காம் குவாட்டரில் இரண்டு முடிவுகளில் தவறு செய்துவிட்டேன், அது ஆட்டத்தைப் பாதித்தது, பல இரவுகள் தூக்கம் வரவில்லை, இன்னும் நன்றாகச் செய்திருக்கலாமே என்ற நினைப்போடுதான் சாவேன் என்று சொன்னார். எந்த இரண்டு என்று ஆட்டத்தைப் பார்த்தவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஹாசல்பெக் கொடிக்குச் சற்று முன்புதான் சியாட்டில் பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு மிக அருகில் கொண்டுபோயிருந்தது. எதிராளியைப் பிடித்து நிறுத்தியதாகச் சியாட்டிலின் ஷான் லாக்லியர் மீது ஒரு கொடி விழுந்து அந்த முன்னேற்றம் செல்லாமல் போனது. அடுத்தது ஹாசல்பெக்.

ஒரு நடுவர், யாரும் கட்டாயப்படுத்தாமல், தான் காயப்படுத்திய அணியின் இடத்துக்கே போய் இப்படிச் சொன்னதை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. அவர்மீது எனக்கு அன்றிலிருந்து மரியாதை கூடிப்போனது. 2023-ல் அவர் காலமானார். அந்தப் பாரத்தை அவர் ஒரு ஆளாகவே சுமந்தார். களத்தில் நின்றது ஒரு நடுவர் குழு. அவர்களைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். அன்று கொடி விழுந்தால் அதை வீடியோ பார்த்துத் திருத்த வழி இல்லாத விதியை வைத்திருந்ததும் நீங்கள்.

விதியை மாற்ற உங்களுக்கு மனம் உண்டு என்பதும் தெரியும். 2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் விழாமல் போன கொடிக்காக, அடுத்த சீசனிலேயே பாஸ் இடையூறை (பந்தைப் பிடிக்க வருபவரைத் தடுப்பது) வீடியோ மறுபரிசீலனைக்குக் கொண்டுவந்தீர்கள். ஒரு வருடத்தில் அதைக் கைவிட்டாலும், முயன்று பார்த்தீர்கள்.

அதனால் என் வேண்டுகோள் சின்னதுதான். நாற்பதாவது சூப்பர் பவுலின் ஆட்டக் குறிப்பில், ஹாசல்பெக் பெயருக்கு எதிரே 15 யார்டு என்று எழுதியிருக்கும் அந்த வரிக்குக் கீழே, இது தவறான முடிவு, தலைமை நடுவரே 2010-ல் பொதுவில் வருந்தினார் என்று ஒரு வரி சேருங்கள். ஸ்கோர் 21-10 ஆகவே இருக்கட்டும்.

அன்புடன்,
இந்த ஆட்டத்தை நேசிக்கும் ஒரு தமிழ் ரசிகர்