ஆப்கான் நாவல்களை வெளியிடும் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பதிப்பக நண்பர்களுக்கு,

வணக்கம். நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஆப்கானிஸ்தான் சம்பந்தப்பட்ட நாவல் ஒன்று தமிழில் வந்தால் அதன் பின்னட்டையில் பெரும்பாலும் 'போரின் வலி', 'ஆப்கான் மக்களின் குரல்' என்று இரண்டு வரிகள் இருக்கின்றன. எழுதியவர் அங்குள்ள எந்த இனத்தவர், பஷ்தூனா, தாஜிக்கா, ஹசாராவா, உஸ்பெக்கா, எந்த மொழியில் எழுதினார், எந்த நாட்டில் உட்கார்ந்து எழுதினார் என்று ஒரு வார்த்தை இருக்காது. அந்த நாட்டுக் கதைகளில் பாதி விஷயமே அதில்தான் இருக்கிறது என்பதால்தான் இந்தக் கடிதம்.

காலித் ஹொசைனியையே எடுத்துக்கொள்வோம், ஆப்கான் நாவல் என்றதும் நம்மில் பலருக்கு வாயில் வரும் பெயர் அவருடையதுதானே. தூதரக அதிகாரியின் மகன், காபூலில் பிறந்தவர், 1976இல் குடும்பம் பாரிஸ் போனது, அப்புறம் ஆட்சிக் கவிழ்ப்பும் சோவியத் படையும் வந்து ஊர் திரும்ப வழியில்லாமல் 1980இல் அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தார்கள். 2003இல் அவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நாவலான 'தி கைட் ரன்னர்'இல் கதை சொல்லும் அமீர் பஷ்தூன், அந்த வீட்டு வேலைக்காரரின் மகன் ஹசன் ஹசாரா. பள்ளிப் பாடநூலில் ஹசாராக்களைப் பற்றி ஏதோ பேருக்குத்தான் இருக்கும். இறந்துபோன அம்மாவின் பழைய வரலாற்றுப் புத்தகம் ஒன்றில் அவர்களைப் பற்றி ஒரு முழு அத்தியாயமே இருப்பதைப் பார்த்து அமீர் அசந்துபோகிறான், மறுநாள் வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறான், அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு ஏளனமாகச் சிரித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். என்னைக் கேட்டால் அந்த நாவலின் நேர்மையான இடங்களில் அது முக்கியமானது. ஆனால் மொத்த நாவலும் யாருடைய பார்வையில் ஓடுகிறது? ஹசாரா பையன் அடிபடுகிறான், விசுவாசமாக இருக்கிறான், செத்துப்போகிறான். குற்ற உணர்ச்சியில் வெந்து கடைசியில் கரையேறுவது பஷ்தூன் பையன். ஹசன் தன் வாயால் நீளமாகப் பேசுவது ஒரே ஒரு கடிதத்தில்தான்.

இது வெறும் இலக்கியச் சர்ச்சையும் இல்லை. 2007இல் இந்த நாவல் படமானபோது, இனப் பகை கிளம்பிவிடும் என்ற பயத்தில் வெளியீட்டைத் தள்ளிவைத்து, நடித்த காபூல் சிறுவர்களை ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

நம் வாசகர்கள் இதைச் சாதிக்கதை மாதிரி படித்துவிடுவதையும் பார்க்கிறேன். புரிந்துகொள்ள அது கொஞ்ச தூரம் உதவும், அதற்கு மேல் ஆளைத் தவறான வழியில் விட்டுவிடும். 1890களின் தொடக்கத்தில் ஆப்கான் மன்னர் அப்துர் ரஹ்மான் ஹசாராக்களின் மலைப்பகுதியான ஹசாராஜாத் மீது படையெடுத்து, ஏராளமானவர்களைக் கொன்று, அடிமைகளாக விற்று, நிலங்களைப் பறித்துப் பிறருக்குக் கொடுத்தார். ஹசாராக்களில் பெரும்பாலோர் ஷியாக்கள் என்பதால் அதற்கு மதச் சாயமும் பூசப்பட்டது. 1998இல் மஸார்-இ-ஷரீப் நகரில் தாலிபான் நடத்திய ஹசாராப் படுகொலையும், 2022 செப்டம்பரில் காபூலில் ஹசாராக்கள் அதிகம் வாழும் தஷ்த்-இ-பர்ச்சியில் தேர்வெழுத உட்கார்ந்திருந்த பெண்பிள்ளைகள் மீது நடந்த குண்டுவெடிப்பும் இந்த நெடுங்கதையின் தொடர்ச்சிதான். ஒரு பக்க முன்னுரையில் இதைச் சொல்லிவிடலாம், பெரிய செலவு ஒன்றும் இல்லை.

அடுத்தது புலம்பெயர்வு. அகதியாகப் போன இடமும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. பஷ்தூன்களில் பெருந்தொகையானவர்கள் பாகிஸ்தானின் பெஷாவர் பக்கம் போனார்கள், ஹசாராக்களும் பாரசீகம் பேசும் மற்றவர்களும் பெருமளவில் இரானுக்குப் போனார்கள், காபூலின் படித்த மேல்தட்டில் பலர் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். எங்கே போனார்களோ அந்த இடத்துக்கேற்ப எழுத்தும் மாறியது. இரானில் கூலிவேலையும் அவமதிப்பும் வாழ்க்கையாக இருந்தாலும் மொழி சொந்த மொழி. அங்கே எழுத வந்த முகமது ஆசிப் சுல்தான்சாதா தன் முதல் சிறுகதைத் தொகுப்புக்கே இரானின் இலக்கிய விருதான ஹூஷங் கொல்ஷிரி விருது வாங்கினார், பிறகு டென்மார்க் போய்விட்டார். இவர்கள் கதையில் வெளிநாட்டு வாசகருக்காக எதையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவிலிருந்து ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது.

அத்தீக் ரஹீமியிடம் இந்த வித்தியாசம் ஒரே ஆளுக்குள்ளேயே தெரியும். 1984இல் நாட்டைவிட்டு வெளியேறி பிரான்சில் தங்கியவர், முதல் குறுநாவலை ஆப்கான் பாரசீகமான தரி மொழியில்தான் எழுதினார். சோவியத் குண்டுவீச்சில் கிராமமே அழிந்த பிறகு, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்யும் மகனிடம் சேதி சொல்ல ஒரு கிழவர் பேரனோடு சாலையோரம் வண்டிக்குக் காத்திருக்கிறார். பேரனுக்குக் குண்டுச் சத்தத்தில் காது போய்விட்டது. தனக்குக் கேட்கவில்லை என்பது குழந்தைக்குத் தெரியாது, டாங்கிகள் வந்து எல்லோருடைய குரலையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டன என்று நினைக்கிறான். போரைப் பற்றி இதைவிடக் கொடூரமாக, இவ்வளவு அமைதியாக எழுதப்பட்ட பக்கங்களை நான் அதிகம் படித்ததில்லை. பிற்பாடு பிரெஞ்சில் எழுதிய நாவலுக்கு 2008இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கொன்கூர் கிடைத்தது. அது நல்ல நாவல்தான், ஆனால் எனக்கு அந்தக் கிழவர்தான்.

தாலிபான் மட்டுமே வில்லன் என்ற கதை உங்களுக்குச் சுலபமாக விற்கும் என்பதும் தெரியும். அதற்கு மறுபக்கம் பார்க்க ஜமீல் ஜான் கொச்சாய் படியுங்கள். பெஷாவர் அகதி முகாமில் பிறந்தவர், குடும்பம் லோகர் மாகாணத்துப் பஷ்தூன் குடும்பம். அவரது 2022 தொகுப்பின் முதல் கதையில் கலிபோர்னியாவில் வீடியோ கேம் ஆடும் பையன் ஒருவன், விளையாட்டுக்குள் வரும் 1980களின் ஆப்கானிஸ்தானில் தன் அப்பாவையும் செத்துப்போன சித்தப்பாவையும் கண்டுபிடித்துக் காப்பாற்றப் பார்க்கிறான். அவருடைய லோகரில் பயம் தாலிபானிடமிருந்து மட்டும் வருவதில்லை, வானத்தில் சுற்றும் அமெரிக்க ட்ரோனிலிருந்தும் வருகிறது.

ஒரே ஓர் ஆங்கில நாவலைப் படித்துவிட்டு 'ஈழப்போர் புரிந்துவிட்டது' என்று எவராவது சொன்னால் நமக்கு எப்படி எரியும்! கொழும்பிலிருந்து எழுதுபவரும் வன்னியிலிருந்து எழுதுபவரும் ஒன்றா, முஸ்லிம்கள் எங்கே, மலையகம் எங்கே என்று உடனே கேட்போம். அதே கேள்வியை ஆப்கான் புத்தகத்திடமும் கேட்டால் என்ன?

ஆகவே அடுத்து ஒரு நாவல் வேண்டாம், சிறுகதைத் தொகுப்பு போடுங்கள். தரி, பஷ்தோ இரண்டிலிருந்தும், காபூலுக்கு வெளியிலிருந்தும், பெண்களிடமிருந்தும் எடுங்கள். 18 ஆப்கான் பெண்களின் கதைகள் 2022இல் ஆங்கிலத்தில் ஒரே தொகுப்பாக வந்திருக்கின்றன. அதில் பலர் நாட்டுக்குள்ளேயே இருந்து எழுதியவர்கள். முடிந்தவரை பாரசீகத்திலிருந்தே நேரடியாக மொழிபெயர்க்கப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீக, உருதுத் துறை இருக்கிறது, அங்கே பாரசீகம் தெரிந்த ஒருவரையும் நல்ல தமிழ் எழுத்தாளர் ஒருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். முன்வெளியீட்டுத் திட்டம் அறிவித்தால் முதல் ஆளாக நான் பணம் கட்டுகிறேன், நண்பர்களிடமும் சொல்கிறேன்.

அட்டைக்கு மட்டும் தயவுசெய்து அந்த நீல புர்கா படம் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கும் ஒரு வாசகர்