வாழை நாரும் நானோ செல்லுலோஸும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மரக்கூழிலுள்ள செல்லுலோஸை, அதாவது தாவரங்களின் நார்ப்பொருளை, டெம்போ என்னும் வினையூக்கியின் துணையால் ஆக்சிஜனேற்றம் செய்து, 3 முதல் 4 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அகலமே உள்ள நானோ செல்லுலோஸ் இழைகளாகப் பிரிக்கும் முறைக்காக, ஜப்பானிய அறிவியலாளர் அகிரா இசோகாய் தம் சகாக்கள் இருவருடன் 2015இல் வனப்பொருள் ஆய்வுக்கான மார்கஸ் வாலன்பெர்க் பரிசு பெற்றார். இவ்விழைகளாலான மென்படலம் ஒளியைப் புகவிட்டு, உலர்ந்த நிலையில் ஆக்சிஜனைத் தடுப்பதால் உணவுப் பொதிவுக்கு ஏற்றது. ஈரம் பட்டால் அத்தடை தளர்வதுதான் சிக்கல்.

களக்காடு, சேரன்மகாதேவி வட்டாரங்களில் தார் வெட்டியபின் வயலிலேயே அழுகவிடப்படும் வாழை மரங்களிலும் இதே செல்லுலோஸ்தான் உள்ளது. இழைகளைப் பிணைத்து இறுக்கும் லிக்னின் என்னும் பொருளோ பொதுவாக மரத்தைவிடக் குறைவு. ஆனால் அவற்றின் எடையில் பெரும்பகுதி நீரே என்பதால், தொலைவுக்கு ஏற்றிச்செல்வது விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. பத்தமடைப் பாய்க்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையேனும் வாழை நாருக்கும் காட்டி, நார் பிரிக்கும் பொது நிலையங்களை ஊர்ப்புறத்திலேயே அமைக்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
களக்காடு.