ஐந்நூறு டைரக்டரி வேண்டாம், ஏழெட்டு இடத்தில் முகவரி சரியாக இருந்தால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "உங்கள் வெப்சைட்டை 500 டைரக்டரியில் சேர்த்துத் தருகிறோம், ஒரே மாதத்தில் கூகுள் முதல் பக்கம்" என்று போனிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் பேச்சை நம்பி, வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துச் சிறு வியாபாரிகள் பணம் கட்டுகிறார்கள். அந்தப் பணம் வீண். சரியாகச் செய்தால் செலவில்லாமலே கிடைக்கக்கூடிய பலனும் அவர்களுக்குக் கிடைக்காமல் போகிறது. இணையதள வேலையையே தொழிலாகக் கொண்டவர்கள் என்ற முறையில் இதை விவரமாக எழுதுகிறோம்.

இணையதளங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் டைரக்டரிகளுக்கு ஒரு காலத்தில் உண்மையான மதிப்பு இருந்தது. யாஹூ டைரக்டரியிலும் டிமாஸிலும் ஆட்கள் ஒவ்வொரு தளத்தையும் பார்த்த பிறகே சேர்ப்பார்கள். யாஹூ டைரக்டரி 2014 முடிவிலும், டிமாஸ் 2017 மார்ச்சிலும் மூடப்பட்டன. அதற்கு முன்பே, 2012 ஏப்ரலில் தன் தேடல் முறையில் செய்த பென்குவின் மாற்றத்தில், பேக்லிங்க்குகளை (பிற தளங்களிலிருந்து வரும் இணைப்புகளை) செயற்கையாகக் குவிக்கும் தளங்களைக் கூகுள் கீழே தள்ளத் தொடங்கிவிட்டது. தரமற்ற டைரக்டரி இணைப்புகள் இன்று கூகுளின் ஸ்பேம் விதிகளிலேயே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. வேலை முடிந்ததும் ஏஜென்சிக்காரர் தரும் எக்செல் பட்டியலை எடுத்து, பத்துத் தளங்களைத் திறந்து பாருங்கள். சில திறக்கவே திறக்காது. திறப்பவற்றில் உங்கள் கடைக்கு மேலும் கீழும் சூதாட்ட விளம்பரம் இருக்கும். வேலூரில் அறை தேடும் எவரும் அங்கே வரப்போவதில்லை.

ஏற்கெனவே இப்படிப் பணம் கட்டியவர்கள் பயப்பட வேண்டாம். தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில், விதிமீறலுக்கான நடவடிக்கைகளைக் காட்டும் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பகுதியைப் பாருங்கள். அங்கே எச்சரிக்கை எதுவும் இல்லையென்றால் அந்த இணைப்புகளைக் கூகுள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கும். "கெட்ட லிங்க்கை நீக்கித் தருகிறோம்" என்று அடுத்து வருபவருக்கு இன்னொரு முறை பணம் கொடுக்காதீர்கள்.

கடைக்கும் லாட்ஜுக்கும் முதல் வேலை, கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல். இது இலவசம். கணக்கை முதலாளியின் சொந்த ஜிமெயிலில்தான் தொடங்க வேண்டும். வேலை செய்து தருபவரை 'மேனேஜர்' ஆகச் சேர்த்தால் போதும். ஏஜென்சியின் மெயிலில் தொடங்கிவிட்டு, பிறகு மனஸ்தாபம் வந்து, தன் கடைப் போன் நம்பரைக்கூட மாற்ற முடியாமல் நிற்பவர்கள் நம் ஊரில் பலர். அப்படிச் சிக்கியவர்கள் அந்த லிஸ்டிங்கிலேயே (கடைப் பதிவிலேயே) உரிமை கோரும் விண்ணப்பத்தை அனுப்பலாம். இப்போது வைத்திருப்பவர் பதில் சொல்ல 3 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் நீங்களே உரிமை பெறும் வழி கிடைக்கலாம்.

பெயர் என்ற இடத்தில் கடைப் பலகையில் உள்ளதை மட்டும் எழுதுங்கள். பெயரோடு 'சிஎம்சி அருகில் பெஸ்ட் சீப் லாட்ஜ் வேலூர்' என்று ஒட்டுவதாலேயே பல லிஸ்டிங்குகள் முடக்கப்படுகின்றன. முதன்மை வகை ஒன்றும், கூடுதல் வகை ஒன்பது வரையும் தேர்ந்தெடுக்கலாம். முதன்மை வகைதான் முக்கியம். ஆம்பூரில் ஷூ தயாரித்து ஏற்றுமதி செய்பவர் 'ஷூ ஸ்டோர்' என்று போட்டால், ஒரு ஜோடி செருப்பு கேட்டு நாள் முழுக்க அழைப்பு வரும், மொத்த ஆர்டர் தருபவர் கண்ணில் படமாட்டார். வீட்டிலிருந்தே தையலோ கேட்டரிங்கோ செய்பவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, சேவை செய்யும் ஊர்களை மட்டும் (20 வரை) குறிக்கலாம். வாடிக்கையாளரை நேரில் சந்திக்காமல் ஆன்லைனில் மட்டுமே விற்பவர்களுக்கு இந்த ப்ரொஃபைல் கிடையாது.

இப்போது சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் வீடியோதான் கேட்கிறார்கள். ஒரே தொடர்ச்சியாக, வெட்டி ஒட்டாமல், 30 வினாடிக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். தெருவிலிருந்து தொடங்கி, பக்கத்துக் கடையும் தெருப்பெயரும் தெரியக் காட்டி, உங்கள் பலகையைக் காட்டி, பிறகு ஷட்டரைச் சாவியால் திறப்பது அல்லது கல்லாவை இயக்குவது போல நீங்கள்தான் நடத்துகிறீர்கள் என்பதற்கான சான்று காட்ட வேண்டும். பலகை இல்லாமல் வீடியோ எடுப்பதும், உள்ளே மட்டும் சுற்றிக் காட்டுவதும்தான் நிராகரிப்புக்குப் பொதுவான காரணங்கள். வரைபடப் புள்ளியை நன்றாகப் பெரிதாக்கி, வாசலில் வையுங்கள். சிஎம்சி மருத்துவமனை எதிரே உள்ள சந்துகளில் புள்ளி ஒரு கட்டடம் தள்ளியிருந்தாலும், கொல்கத்தாவிலிருந்து நோயாளியோடு வந்து இறங்குபவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

அடுத்தது, நம் பழைய வடஆற்காட்டுக்கே உரிய சிக்கல். 2019இல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்த பிறகும், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், ஆம்பூர், வாணியம்பாடி கடைகளின் பழைய லிஸ்டிங்குகள் பல 'வேலூர் மாவட்டம்' என்றே நிற்கின்றன. கூகுள் தூரத்தை வரைபடப் புள்ளியை வைத்துத்தான் கணக்கிடுகிறது என்பது உண்மை. ஆனாலும் ஒரு தளத்தில் வேலூர், இன்னொன்றில் திருப்பத்தூர், ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி, போன் நம்பர் வேறு என்றிருந்தால், ஒரே கடை இரண்டு மூன்றாகப் பதிவாகிவிடும். ரிவ்யூக்களும் அப்படியே சிதறும். சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருப்பதை வேறு கவனிக்க வேண்டும். ஆகவே ஒரு தாளில் பெயர், கதவு எண், தெரு, ஊர், தாலுகா, மாவட்டம், பின்கோடு, போன் என்று ஒரே வடிவத்தில் எழுதி வைத்துக்கொண்டு, எல்லா இடத்திலும் அதையே பார்த்து நிரப்புங்கள். லேண்ட்லைன் கொடுத்தால் எஸ்டிடி கோடையும் பாருங்கள். வேலூருக்கு 0416, ராணிப்பேட்டைக்கு 04172, ஆம்பூர், வாணியம்பாடிக்கு 04174. கடை இடம் மாறினால் பழைய லிஸ்டிங்கிலேயே முகவரியைத் திருத்துங்கள். புதிதாக ஒன்று திறந்தால் ரிவ்யூக்கள் பழையதிலேயே நின்றுவிடும்.

கூகுளுக்குப் பிறகு பிங் பிளேசஸ், ஆப்பிள் மேப்ஸ், ஜஸ்ட்டயல் ஆகியவை எல்லோருக்கும் பொருந்தும். தோல், ரசாயனம், குடியாத்தம் லுங்கி, தீப்பெட்டி என உற்பத்தித் தொழிலில் உள்ளவர்களுக்கு இந்தியாமார்ட், டிரேட்இந்தியா. லாட்ஜ்களுக்கு அறை பதிவுத் தளங்கள். அதற்கு மேல் உங்கள் தொழில் சங்கத்தின் தளத்தில் உறுப்பினர் பட்டியல் இருந்தால் அதிலும் இடம்பெறுங்கள். அந்த ஒரு இணைப்பு, விலைக்கு வாங்கும் நூறைவிட மதிப்புள்ளது. இந்தத் தளங்களில் அடிப்படைப் பதிவு இலவசம். கட்டணத் திட்டம் எடுத்தால் அந்தத் தளத்துக்குள் முன்னால் காட்டுவார்கள், கூகுளில் அது உங்களை ஏற்றாது. சில தளங்கள் உங்கள் நம்பருக்குப் பதிலாகத் அழைப்பை உங்களுக்குத் திருப்பிவிடும் தங்கள் இடைமாற்று நம்பரைக் காட்டும். அதை எடுத்து வேறெங்கும் பதியாதீர்கள்.

இத்தனையும் செய்துவிட்டு, தளத்தையே கூகுள் படிக்க முடியாமல் வைத்திருப்பதுதான் எங்களுக்கு மிகவும் ஆதங்கம் தரும் விஷயம். வேர்ட்பிரஸில் தளத்தைக் கட்டும்போது தேடுபொறிகளைத் தடுக்கும் டிக் ஒன்றைப் போட்டு வைப்பார்கள். முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவார்கள். அந்த டிக் இருக்கும்வரை எத்தனை டைரக்டரியில் சேர்த்தும் பயனில்லை. இன்னொன்று, பழைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த தமிழ். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்குறிகள். யூனிகோடில் மாற்றினால்தான் தேடலில் வரும். முகவரியையும் போன் நம்பரையும் நோட்டீஸ் படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவும் போடுங்கள். பிறகு சர்ச் கன்சோலில் தளத்தைச் சரிபார்த்து, சைட்மேப்பை (தளத்தின் பக்கங்களின் பட்டியலை) ஒருமுறை கொடுத்தால் போதும். பிங் தேடுபொறியின் வெப்மாஸ்டர் கருவியில் கணக்குத் தொடங்கினால், அதை அங்கிருந்தே இறக்கிக்கொள்ளலாம். யாஹூவும் டக்டக்கோவும் பெரும்பாலும் பிங்கிலிருந்துதான் எடுக்கின்றன என்பதால் 'நூறு தேடுபொறிகளில் பதிவு' என்று விற்பதும் தேவையற்றது.

பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். குறித்த இடத்தைப் பிடித்துத் தருவதாக யாரும் உறுதி கொடுக்க முடியாது.

மாவட்டத் தொழில் மையங்களும் வணிகர் சங்கங்களும் மூன்று மாவட்டங்களிலும் இதற்கென உதவி முகாம் நடத்த வேண்டும் என்று உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம். வருபவர்கள் சொந்த ஜிமெயில் திறந்திருக்கும் போன், ஜிஎஸ்டி அல்லது உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்று, கடைப் பலகையின் படம், டொமைன் (தளத்தின் இணைய முகவரிப் பெயர்) வாங்கிய ரசீது ஆகியவற்றைக் கொண்டு வந்தால் போதும். ரசீதில் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதை முகாமில் முதலில் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
இணையதளப் பணியாளர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.